துவங்க மறுக்கும் கணிப்பொறி



தேய்ந்த கொழுவை உலைக்களத்தில் காய்ச்சிக் கூராக்கி மீண்டும் உழுத நாட்டினர் நாம். ஆயினும் கணிப்பொறி என்று வரும்போது, சில ஆண்டுகள் கழிந்த அளவிலேயே அதனைப் பழையதென்று மூலையில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்புக்குரிய பொதுவான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11 என்பதோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், அண்மைக் காலத்துச் செயலிகளையும் வேண்டி நிற்பது. இதனால், உறுப்பில் குறையேதும் இல்லாத எத்தனையோ பொறிகள் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் இல்லங்களிலும் பயனற்றுக் கிடக்கின்றன.

இத்தகைய பொறிகளுக்கு மறுவாழ்வு அளிக்க வல்லது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கெர்னல் என்னும் உட்கருவைக் கொண்டு இன்று பல தொகுப்புகள் அமைந்துள்ளன. அவற்றுள் ஆண்ட்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ், லுபுண்டு முதலியன எளிய பொறிகளிலும் இயங்குமாறு எடை குறைத்து ஆக்கப்பட்டவை. விலை கொடுத்து உரிமம் பெற வேண்டுவதில்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்னும் பெயரில் இந்திய மொழிகளுக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கினர். கேரள மாநிலத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸைக் கொண்டே கணிப்பொறிக் கல்வி அளித்து வருகின்றன. ஆகவே இது புதுமை விரும்பிகளின் விளையாட்டு அன்று. நாட்டில் வேரூன்றிய வழியே.

ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? ஒருவர் ஆர்வத்தோடு லினக்ஸை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிப் பழைய பொறியில் செருகி மின்விசையை அழுத்துகிறார். திரையில் கறுப்புப் பின்னணியில் ஆங்கில வரி ஒன்று தோன்றுகிறது. அல்லது எதுவுமே தோன்றவில்லை. பொறி செத்துவிட்டதென்று கருதிப் பழைய இரும்புக் கடைக்கு அதனை அனுப்பி விடுகிறார். அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு மாணவியின் படிப்புக் கருவி இருந்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் இருபதாண்டு நிழற்படங்கள் இருந்திருக்கலாம். துவக்கத்தில் தோன்றும் பிழைச்செய்தி மரண அறிவிப்பு அன்று. எந்த இடத்தில் தடை நேர்ந்தது என்று பொறியே நமக்குச் சொல்லும் சாட்சியம் அது. அச்சாட்சியத்தைப் படிக்கும் முறையைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

முன்னாளில் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஓடிய புகைவண்டியை நினைவுக்குக் கொண்டு வருவோம். அடுத்த நிலையம் வரை செல்லும் உரிமைக்கு அடையாளமாகிய டோக்கனை ஒவ்வொரு நிலையத்திலும் பெற்ற பின்னரே ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார். கணிப்பொறியின் துவக்கமும் இத்தகையதே. முதல் நிலையம், பொறியின் பலகையிலேயே பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரல். 2010ஆம் ஆண்டுகளில் பரவிய பொறிகளில் இதனிடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்பது இருக்கும். இஃது உறுப்புகளைச் சோதித்து, எந்தச் சாதனத்திலிருந்து துவங்குவது என்று முடிவு செய்கிறது. இரண்டாம் நிலையம், கிரப் முதலிய துவக்க ஏற்றி. மூன்றாம் நிலையம், கெர்னல். நான்காம் நிலையம், இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தற்காலிகச் சிறு கோப்பமைப்பு. உண்மையான வன்தட்டைக் கண்டுபிடித்துக் கொடுப்பது இதன் பணி. ஐந்தாம் நிலையம், நாம் காணும் மேசைத் திரை. வண்டி எந்த நிலையத்தில் நின்றது என்று அறிந்தால், எந்த நிலையத்தாரை வினவுவது என்பதும் விளங்கிவிடும். இதனை அறியாமல் மீண்டும் மீண்டும் புதிதாக நிறுவிக் கொண்டிருப்பது வீண் உழைப்பு.

நிற்க. எச்செயலிலும் இறங்குமுன் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. வன்தட்டில் உள்ள கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துக் கொள்ள வேண்டும். நிறுவும் நிரல் 'முழுத் தட்டையும் அழிக்கவா' என்று வினவும்போது இசைவளித்துவிட்டால், சென்றது மீள்வது அரிது. பழைய விண்டோஸ் துவங்கவே இல்லை என்றாலும் மனந்தளர வேண்டா. பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகள், எதையும் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து நேரே இயங்கும் 'லைவ்' முறையை உடையவை. அம்முறையில் துவக்கி, வன்தட்டைத் திறந்து, படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டுக்கு மாற்றிக் கொள்ளலாம். தட்டு பிட்லாக்கர் என்னும் மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதன் மீட்புத் திறவுகோல் எண் தேவைப்படும்.

இனி முதல் நிலையத்தைக் காண்போம். 'துவக்கக்கூடிய சாதனம் இல்லை' அல்லது 'இயக்க அமைப்பு காணப்படவில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் செய்தி வருமாயின், பயாஸ் நம் பென் டிரைவைக் காணவில்லை என்பது பொருள். இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பென் டிரைவில் தொகுப்பு ஏற்றப்பட்ட முறை. ஐ.எஸ்.ஓ. என்னும் கோப்பை வெறுமனே நகலெடுத்து வைத்தால் பொறி துவங்காது. ரூஃபஸ், எட்சர், வென்டாய் முதலிய கருவிகளுள் ஒன்றைக் கொண்டு முறைப்படி எழுத வேண்டும். 'எல்.டி. லினக்ஸ்' என்று தொடங்கும் கோப்பை ஏற்ற இயலவில்லை என்று செய்தி வந்தால், எழுதிய முறையிலேயே பிழை நேர்ந்திருக்கலாம் என்று ஐயுறலாம். ரூஃபஸ் கருவியில் எழுதுவோர், அது வினவும்போது டி.டி. முறையைத் தெரிந்தெடுத்து மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இறக்கிய கோப்பே குறைபட்டதாக இருக்கலாம். தொகுப்பை வெளியிடுவோர் அதனுடன் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணையும் தருகின்றனர். இறக்கிய கோப்புக்கு அவ்வெண்ணைக் கணித்து ஒப்பிட்டால், ஓரெழுத்து வேறுபட்டாலும் கோப்பு பழுது என்று தெளியலாம். ஐந்து நிமிட வேலையாகிய இதனைச் செய்யாமையால் ஐந்து நாள்களை இழப்போர் பலர்.

மூன்றாவது, துவக்க வரிசை. பொறியை இயக்கியவுடன் குறிப்பிட்ட விசையை அழுத்தினால் துவக்கச் சாதனப் பட்டி தோன்றும். டெல், லெனோவோ பொறிகள் பலவற்றில் எஃப்-12, எச்.பி. பொறிகளில் எஃப்-9, ஏசஸ் பொறிகளில் எஸ்கேப் என்பன அவ்விசைகள். ஏசர் மடிக்கணிப்பொறிகள் சிலவற்றில் எஃப்-12 பட்டியை முதலில் பயாஸ் அமைப்புக்குள் சென்று இசைவளித்து வைக்க வேண்டும். பென் டிரைவைப் பொறியை இயக்குமுன்பே செருகியிருக்க வேண்டும். பழைய பயாஸ்கள் சில, பென் டிரைவைத் தனியே காட்டாமல் 'வன்தட்டுகள்' என்னும் பட்டியலுக்குள் அடக்கி வைத்திருக்கும். அங்கே சென்று அதனை முதலிடத்துக்கு உயர்த்த வேண்டும். யு.எஸ்.பி. வழியே துவங்கும் ஆற்றலே இல்லாத மிகப் பழைய பொறியாயின், ப்ளாப் என்னும் சிறு துவக்க மேலாளரைக் குறுந்தகட்டில் எழுதி, அதன் வழியாகப் பென் டிரைவை அடையலாம். தொகுப்பையே தகட்டில் எழுதுவோர், குறுந்தகடு 700 மெகாபைட் அளவே கொள்ளும் என்பதையும், அதனை மீறிய தொகுப்புக்கு டி.வி.டி. தேவை என்பதையும் மறத்தல் கூடாது.

யு.இ.எஃப்.ஐ. உடைய பொறிகளில் வேறு இரண்டு தடைகள் உண்டு. 2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வெளிவந்தது முதல், 'செக்யூர் பூட்' என்னும் காவல் பரவலாயிற்று. கையொப்பம் இல்லாத ஏற்றியை இக்காவல் உள்ளே விடாது. சிறு தொகுப்புகள் பலவற்றுக்கு இதனை அமைப்புப் பட்டியில் நிறுத்தி வைக்க நேரும். மற்றொன்று சற்று விந்தையானது. இன்டெல் ஆட்டம் வகையில் பே டிரெயில் எனப்பட்ட செயலியோடு 2013ஆம் ஆண்டு முதல் வந்த மலிவுப் பொறிகள் பலவற்றில், செயலி 64 பிட், யு.இ.எஃப்.ஐ. மட்டும் 32 பிட். வழக்கமான 64 பிட் பென் டிரைவை இவை கண்டும் காணாதனபோல் இருந்துவிடும். 32 பிட் யு.இ.எஃப்.ஐ. ஏற்றியும் உடன் அமைந்த தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு வழி.

இரண்டாம் நிலையத்துக்கு வருவோம். நிறுவல் முடிந்து, பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் துவக்கும்போது, 'கிரப் ரெஸ்க்யூ' என்னும் சொற்களோடு திரை நின்றுவிடுவது உண்டு. இதன் பொருள் என்ன? பயாஸ் முறையில் துவங்கும் வன்தட்டின் முதற் பகுதி 512 பைட் அளவே உடையது. அதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் நான்கு பிரிவுகளைப் பற்றிய அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டு அடையாளத்துக்கும் உரியன. இவ்வளவு குறுகிய இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது. ஆதலால் அதன் சிறு தலைப்பு மட்டும் அங்கே அமர்ந்து, எஞ்சிய உறுப்புகளைத் தட்டின் வேறிடங்களில் தேடிச் செல்லும். தேடிய பிரிவு காணாமற்போனாலோ, அதன் எண் மாறிவிட்டாலோ, அது 'ரெஸ்க்யூ' என்று நம்மிடம் உதவி கோருகிறது.

உதவி செய்வது எளிது. எல்., எஸ். என்னும் ஈரெழுத்துகளைத் தட்டினால் பிரிவுகளின் பெயர்கள் தோன்றும். அதே கட்டளையோடு ஒவ்வொரு பிரிவின் பெயரையும் இறுதியில் ஒரு சாய்கோட்டையும் சேர்த்துத் தட்டி, 'பூட்' என்னும் அடைவு எதில் உள்ளது என்று காண வேண்டும். அதன் பின் 'செட் ப்ரிஃபிக்ஸ்' என்னும் கட்டளையால், அப்பிரிவில் உள்ள கிரப் அடைவை வழியாகக் காட்டி, 'இன்ஸ்மாட் நார்மல்' என்றும், அடுத்த வரியில் 'நார்மல்' என்றும் தட்டினால் வழக்கமான பட்டி தோன்றும். இது தற்காலிக மீட்பே. லினக்ஸ் துவங்கியவுடன் 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' என்னும் இரு கட்டளைகளால் ஏற்றியை நிலையாக எழுதிவிட வேண்டும். கட்டளைகளில் பழக்கமில்லாதவர்கள் ஆண்ட்டிஎக்ஸ், எம்.எக்ஸ். தொகுப்புகளில் உள்ள 'பூட் ரிப்பேர்' கருவியை லைவ் முறையில் துவக்கிப் பயன்படுத்தலாம்.

இங்கே கருத வேண்டுவன மேலும் இரண்டு. புதிய ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்ட தட்டைப் பயாஸ் முறையில் துவக்க வேண்டுமாயின், கிரப்புக்கென ஒரு மெகாபைட் அளவில் 'பயாஸ் பூட்' பிரிவு ஒன்றைத் தனியே ஒதுக்க வேண்டும். பழைய பொறிக்கு எம்.பி.ஆர். முறையில் தட்டைப் பிரிப்பதே தொல்லை குறைந்த வழி. அன்றியும், மிகப் பழைய பயாஸ்கள் வன்தட்டில் ஏறத்தாழ 137 ஜிகாபைட்டுக்கு அப்பால் உள்ளவற்றைப் படிக்க மாட்டா. பெரிய தட்டைப் பொருத்தியோர், 'பூட்' அடைவுக்கெனச் சிறு பிரிவைத் தட்டின் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டால் இத்தடை நீங்கும்.

மூன்றாம் நிலையம் கெர்னல். 'இக்கெர்னலுக்கு 64 பிட் செயலி தேவை; ஆனால் ஐ-686 செயலியே காணப்பட்டது' என்று செய்தி வந்தால், தவறான பதிப்பைத் தேர்ந்தோம் என்பது தெளிவு. 2008ஆம் ஆண்டளவில் சிறு மடிக்கணிப்பொறிகளில் மிகுதியாகப் பயன்பட்ட ஆட்டம் என்-270 செயலி 32 பிட் வகையைச் சேர்ந்தது. மாறாக, கோர் 2 டியோ செயலிகள் 64 பிட் தொகுப்பை ஏற்பன. இவ்வேறுபாடு இன்று முன்னினும் முக்கியமானது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் பொறிகளுக்கு நிறுவியையும் கெர்னலையும் தருவதை நிறுத்திவிட்டது. டெபியன் 12ஐ அடியாகக் கொண்ட ஆண்ட்டிஎக்ஸ் 23 முதலியவற்றின் 32 பிட் பதிப்புகள் அப்பொறிகளுக்குப் பற்றுக்கோடாகும்.

'பி.ஏ.இ. என்னும் பண்பு செயலியில் இல்லை' என்று வேறொரு செய்தி வரலாம். 2003ஆம் ஆண்டில் வந்த பென்டியம் எம் செயலிகளை உடைய மடிக்கணிப்பொறிகளில் இது காணப்படும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அப்பண்பு அச்செயலிகளில் உள்ளபடியே இருக்கிறது. தன்னிடம் அஃது இருப்பதாகச் செயலி அறிவிப்பதில்லை, அவ்வளவே. கெர்னல் வரியின் இறுதியில் 'ஃபோர்ஸ்', 'பி.ஏ.இ.' என்னும் இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால், கெர்னல் எச்சரித்துவிட்டுத் துவங்கும். பி.ஏ.இ. தேவைப்படாத கெர்னலை உடைய ஆண்ட்டிஎக்ஸ் 32 பிட் பதிப்பை நாடுவது மற்றொரு வழி.

பட்டி தோன்றி, வரிகள் ஓடி, பின்னர்த் திரை முற்றிலும் கறுத்துவிடுவதும் உண்டு. பொறி உள்ளே இயங்கிக் கொண்டிருக்கும். படம் காட்டும் உறுப்புக்கும் கெர்னலுக்கும் இடையே மட்டும் இசைவு இராது. கிரப் பட்டியில் 'இ' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதிக்குச் சென்று, 'நோ', 'மோட்', 'செட்' என்னும் மூன்று சொற்களை ஒன்றாக எழுதி, எஃப்-10 விசையை அழுத்த வேண்டும். அவ்வரியில் 'கொயட்', 'ஸ்ப்ளாஷ்' என்னும் சொற்கள் இருப்பின் அவற்றை நீக்கிவிட்டால், மறைந்திருந்த செய்திகள் அனைத்தும் திரையில் தோன்றும். இம்மாற்றம் அந்த ஒரு துவக்கத்துக்கே உரியதாகையால், அஞ்சாமல் செய்து பார்க்கலாம். பயன் தந்தால், பின்னர் நிலையாக எழுதிக் கொள்ளலாம்.

நான்காம் நிலையத்தில், 'இந்த அடையாள எண் உள்ள தட்டு இல்லை' என்று கூறி 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சொல்லோடு பொறி நிற்கக்கூடும். கெர்னல் வந்துவிட்டது, வன்தட்டைத்தான் காணவில்லை. தட்டு மெதுவாக விழிப்பதாயின், கெர்னல் வரியில் 'ரூட்-டிலே' என்பதை ஒரே சொல்லாகவும், அதன்பின் சமக்குறியும் 10 என்னும் எண்ணும் இட்டால், பத்து நொடி காத்திருந்து தேடும். தட்டின் அடையாள எண் மாறியிருந்தால், 'பி.எல்.கே. ஐ.டி.' என்னும் கட்டளை இப்போதுள்ள எண்ணைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தலாம். 'எஃப்.எஸ்.சி.கே.யைக் கைப்பட இயக்குக' என்று செய்தி வந்தால், கோப்பமைப்பில் ஒழுங்கு குலைந்துள்ளது. தட்டே நலிந்திருக்குமோ என்ற ஐயம் தோன்றினால், செப்பனிடுதற்கு முன் கோப்புகளைப் படியெடுத்தல் இன்றியமையாதது. நோயாளியின் மூச்சு நிற்குமுன் உயிலை எழுதி வாங்குதல் போன்றது இது.

எந்த நிலையம் என்று சொல்ல முடியாதபடி, ஒரு முறை ஓரிடத்திலும் மறுமுறை வேறிடத்திலும் பொறி நிற்குமாயின், நினைவகத்தையே ஐயுற வேண்டும். மெம்டெஸ்ட்-86 ப்ளஸ் என்னும் சோதனையை ஓரிரவு ஓட விட்டால் உண்மை வெளிப்படும். மின்னிணைப்பை அகற்றிவிட்டு, நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை மாணவர் பயன்படுத்தும் அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினாலே சில பொறிகள் எழுந்துவிடுகின்றன. ஒவ்வொரு நாளும் பொறியின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுமாயின், சி.ஆர். 2032 என்னும் மூன்று வோல்ட் வட்ட மின்கலத்தை மாற்ற வேண்டும். அது தீர்ந்தால் துவக்க வரிசையும் மறந்துபோகும். நாள் தவறாக இருப்பதால், நிறுவிய பின் மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் இயலாது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் உரைக்க வேண்டும். எல்லாப் பொறிகளும் மீளத் தக்கன அல்ல. ஆண்ட்டிஎக்ஸ் 512 மெகாபைட் நினைவகத்திலும் துவங்கும். ஆனால் இன்றைய இணைய உலாவி அவ்வளவில் திணறும். கட்டுரை எழுதவும், தட்டச்சுப் பழகவும், இசை கேட்கவும் அப்பொறி போதும். காணொளிப் பாடத்துக்கு இரண்டு ஜிகாபைட்டேனும் வேண்டும். பலகையில் உள்ள மின்தேக்கிகள் உப்பியிருந்தாலோ, வன்தட்டு கடகடவென ஒலித்தாலோ, பொழுதைப் போக்காமல் கோப்புகளைக் காப்பாற்றிக் கொண்டு, நல்ல உறுப்புகளை வேறு பொறிக்கு மாற்றுவதே அறிவுடைமை. எஞ்சியதையும் குப்பையில் எறிதல் கூடாது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும்.

முடிவாக, மூன்று பழக்கங்களை மேற்கொள்வோம். திரையில் தோன்றிய செய்தியை ஓரெழுத்தும் விடாமல் தாளில் எழுதி வைப்போம். ஒரு வேளையில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைக் கண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்வோம். எந்த மாற்றம் பயன் தந்தது என்பதைப் பொறியின் மூடியிலேயே ஒரு சீட்டில் குறித்து ஒட்டுவோம். ஒரு பள்ளியில் ஒரே வகைப் பொறிகள் பத்து இருந்தால், முதற்பொறிக்கு ஒரு நாள் செலவாயினும், எஞ்சிய ஒன்பதுக்கும் அச்சீட்டே வழிகாட்டும்.

கற்க விரும்பும் ஒரு சிறுவனுக்கும் அவனுக்கு வேண்டிய கருவிக்கும் இடையே, சில வேளைகளில், ஒரே ஒரு கறுப்புத் திரைதான் நிற்கிறது. அதில் எழுதியிருப்பதைப் பொறுமையோடு படிக்கும் ஒருவர் ஊருக்கு ஒருவர் இருப்பாராயின், பழைய இரும்பாகப் போகவிருந்தவை பல பாடசாலைக்குத் திரும்பும்.